கொள்ளும் கடிவாளமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இரண்டு தொடையும் தனித்தனியாகக் கழன்று வந்துவிடும் போல வலிக்க, சோபாவில் மல்லாந்து கிடந்தேன். தைல டப்பாவை நீட்டிக்கொண்டே தங்கமணி கேட்டார்: "நாப்பத்தொம்பது வயசுல இது உங்களுக்குத் தேவையா?"

தேவைதான். ஆனால் ஏன் என்று அப்போது சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல இருபத்தொன்பது வருஷம் பின்னால் போகவேண்டும். அங்கிருந்து இன்னும் ஒரு எழுநூறு வருஷம் போகவேண்டும். நடுவில் மார்க்கோ போலோ எல்லாம் வருவார், பயப்படாமல் படியுங்கள் :-)

நான் படித்தது கால்நடை மருத்துவம், பார்ப்பது பேங்க் வேலை. (மாட்டுக்கு ஊசி போடப் படித்தவன் மாட்டுக்கடன் கொடுக்கப் போனது தனிக்கதை.) என்.சி.சி.யில் குதிரைப் பிரிவு ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. கால்நடைக் கல்லூரிகளோடு சேர்ந்து இயங்குவது. அதில்தான் குதிரை ஏறக் கற்றேன். விடிகாலையில் லாயத்துக்குப் போய்க் குதிரையைத் தேய்த்து, குளம்பைச் சுரண்டி, சேணம் பூட்டி, ஏழு மணிக்குள் மைதானத்தை நாலு சுற்று சுற்றிவிட்டு வகுப்புக்கு ஓடுவோம். 1996-ல் விட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடம் படிப்பு, வேலை, டிரான்ஸ்ஃபர் என்று சொல்லி வந்தேன். அது உண்மை இல்லை. உண்மையைப் பிறகு சொல்கிறேன்.

டெல்லிக்கு வந்தபிறகு, பெண் குதிரை கற்க ஆசைப்பட்டாள். நகருக்கு வெளியே ஒரு சவாரிப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். சொல்லிக்கொடுப்பவர் ராணுவத்தில் குதிரைப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ரிசால்தார். நான் சும்மா வேலி ஓரமாக நிற்க, ஒரு குதிரை மூக்கை நீட்டியது. கை தானாகப் போய் அதன் தாடைக்குக் கீழே சொறிந்தது. ரிசால்தார் சாப் பார்த்துவிட்டார். "பழகின கை மாதிரி இருக்கே?" என்றார். அடுத்த வாரம் பெண்ணோடு நானும் வரிசையில்.

ஏறிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. வாக் வரைக்கும் ராஜா மாதிரி இருந்தேன். ட்ராட் ஆரம்பித்ததும் வண்டவாளம் வெளியே வந்தது. ட்ராட் இரண்டு தட்டு நடை. ஒரு தட்டுக்கு எழுந்து அடுத்த தட்டுக்கு உட்காரவேண்டும். எப்போது எழவேண்டும் என்று உடம்புக்கு நன்றாகத் தெரிகிறது. எழுவதற்குத்தான் தொடையில் பலம் இல்லை. பத்து நிமிஷத்தில் அங்கவடியில் இருந்து கால் நழுவ, பிடரி மயிரைப் பிடித்துத் தொங்கினேன். என் பெண் சிரித்த சிரிப்பு எனக்கு மட்டும் கேட்கவில்லை, குதிரைக்கும் கேட்டிருக்கும்.

இறங்கியதும் கடிவாளத்தை வாங்கிக்கொண்டார் ஒரு சயிஸ். அறுபதை நெருங்கும் வயது. எந்த ஊர் என்று கேட்டேன்.

"சமஸ்திபூர் ஜில்லா, பாபுஜி. பூசா பக்கம்."

"பூசாவா? நம்ம பூசா ரோடு மாதிரி?"

"அது இங்கே வைத்த பேர். எங்க ஊர்தான் நிஜ பூசா."

கரோல்பாக்கில் குடியிருந்த நம் குடும்பங்கள் எத்தனை தலைமுறையாகப் பூசா ரோட்டில் பஸ் ஏறி இறங்கியிருக்கும்! விவசாய ஆராய்ச்சி நிலையத்தால் வந்த பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நிலையம் 1905-ல் பீகாரில் பூசா என்ற ஊரில்தான் ஆரம்பித்தது. 1934 ஜனவரி 15 பூகம்பத்தில் கட்டடம் சிதைந்துபோக, 1936-ல் டெல்லிக்கு வந்தது. வரும்போது ஊர்ப்பெயரையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டது. பணம் கொடுத்தவர் ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர், அதனால் ஃபிப்ஸின் முதல் எழுத்தோடு யு.எஸ்.ஏ.யைச் சேர்த்துப் பூசா ஆக்கினார்கள் என்று ஒரு கதை அடிக்கடி கேட்கலாம். சுவாரஸ்யமான கதை, ஆனால் தப்பு. ஃபிப்ஸ் பிறப்பதற்கு முன்பே பூசா என்ற பெயர் கும்பினிக் கணக்குகளில் இருக்கிறது. எதற்காக? குதிரைக்காக.

1790-களில் கிழக்கிந்தியக் கும்பினி தன் குதிரைப்படைக்காகப் பூசாவில் ஒரு குதிரைப் பண்ணை வைத்தது. 1808-ல் அதை மேற்பார்க்க வந்தவர் வில்லியம் மூர்கிராஃப்ட். பிரான்ஸில் லியோன் நகரத்துக் கல்லூரியில் கால்நடை மருத்துவம் படித்தவர்; இங்கிலாந்துக்காரர்களில் முறையாகப் படித்துத் தேறிய முதல் கால்நடை மருத்துவர் என்று அவரைச் சொல்வார்கள். அவர் பூசாவில் குதிரைத் தீவனத்துக்காக ஓட்ஸ் பயிரிட வைத்தார், நோயைக் குறைத்தார். ஆனாலும் அவருக்குத் திருப்தி இல்லை. நல்ல குதிரை வேண்டுமானால் மத்திய ஆசியாவில் இருந்து இனவிருத்திக்குக் கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதம். 1812-ல் சாமியார் வேஷம் போட்டுக்கொண்டு மானசரோவர் வரை போனார். பிறகு லடாக், காபூல் வழியாக 1825-ல் புகாரா போய்ச் சேர்ந்தார். திரும்பி வரும் வழியில் அதே வருஷம் ஆப்கானிஸ்தானத்தின் வட பக்கம் அந்த்கோய் என்ற ஊரில் காய்ச்சலில் இறந்தார். பூசா பண்ணையை 1870-களில் மூடிவிட்டார்கள்.

நம்ம சயிஸிடம் இதைச் சொன்னேன். "எங்க ஊரில் குதிரையா? கரும்பும் மாடும்தான் பாபுஜி" என்றார். அவர் குதிரை வேலை கற்றது டெல்லிக்கு வந்து.

ஒரு குதிரைக்காக எதற்கு ஒரு மனிதன் புகாரா வரை போய்ச் சாகவேண்டும்? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய புத்தகங்களுக்குள் தள்ளியது.

இந்தியாவின் குதிரைக் கதை பெரும்பாலும் வெளியே இருந்து வாங்கிய கதைதான். மார்வார், கத்தியவார், பீமா நதிக்கரை என்று சில இடங்களில் நல்ல நாட்டுக் குதிரைகள் உண்டு. ஆனால் போருக்கு வேண்டிய பெரிய குதிரைக்கு வடமேற்குக் கணவாயையோ அரபிக் கடலையோதான் பார்த்து நிற்க வேண்டியிருந்தது. அர்த்தசாஸ்திரத்தில் குதிரை அதிகாரிக்கு என்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. உசத்திக் குதிரைகள் காம்போஜம், சிந்து, ஆரட்டம், வனாயு தேசத்தவை என்கிறது அது. வனாயு என்பது அரேபியா என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். நம் பட்டினப்பாலையும் புகார்த் துறைமுகத்துச் சரக்குப் பட்டியலைக் கடல் வழியே வந்த குதிரையில்தான் ஆரம்பிக்கிறது. மிளகு மூட்டை அதற்கு அப்புறம்தான்!

இந்த வியாபாரம் உச்சத்துக்குப் போனது பிற்காலப் பாண்டியர் ஆட்சியில். 1292 வாக்கில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருப்பதன் சாரம் இது: ராஜா வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறார், அவருடைய சகோதரர்களும் அப்படியே. ஒரு குதிரை ஐந்நூறு சாஜியோ எடைத் தங்கம், அதாவது நூறு மார்க் வெள்ளிக்கும் மேல். ஹோர்முஸ், கிஷ், தோஃபர், ஏடன் வியாபாரிகள் கொண்டுவருகிறார்கள். ஆனால் வருஷ முடிவில் நூறு குதிரைகூட மிஞ்சுவதில்லை. காரணம், இந்த ஊர்க்காரர்களுக்குக் குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது. சமைத்த சோறும் இறைச்சியும் போடுகிறார்கள். லாடம் கட்டி வைத்தியம் பார்க்கிறவர்கள் யாரும் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகள் தடுத்துவிடுகிறார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்!

பாரசீகத்து வஸ்ஸாஃப் எழுதிய சரித்திரத்திலும் இதே பல்லவி. கிஷ் தீவு வியாபாரி ஜமாலுத்தீன் வருஷத்துக்கு 1,400 குதிரை அனுப்ப ஒப்பந்தம், தலைக்கு 220 செம்பொன் தினார். இதில் கவனிக்க வேண்டிய ஷரத்து ஒன்று இருக்கிறது: வழியில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் கஜானாவில் இருந்து பணம் தரவேண்டும். பேங்க்காரன் என்பதால் எனக்குப் படித்தவுடன் புரை ஏறியது. நஷ்டம் முழுவதும் வாங்குகிறவன் தலையில்!

முதலில் படித்தபோது, "ச்சே, நம்ம ஆட்கள் இப்படியா" என்றுதான் தோன்றியது. பிறகு உள்ளே இருந்த பழைய கால்நடை மாணவன் விழித்துக்கொண்டான்.

அரபு நாட்டின் வறண்ட காற்றில் வளர்ந்த குதிரையைப் புழுங்கும் கடற்கரையில் இறக்கினால் என்ன ஆகும்? சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் இன்றைக்கும் பந்தயக் குதிரைகளுக்கு வருகிற கோளாறு இது. அன்ஹைட்ரோசிஸ் என்று பெயர். வியர்வை இல்லாவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. அடுத்தது தீவனம். குதிரைக்கு உடம்பு பெரிது, இரைப்பை சிறிது. வாந்தி எடுக்கவும் முடியாது. நாள் பூராவும் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்து, பெருங்குடல் பக்கத்தில் நொதிக்க வைத்துச் செரிக்கிற பிராணி. மேய்ச்சல் நிலம் குறைந்த நெல் தேசத்தில் அதற்கு எங்கே போவது? மூன்றாவது, சர்ரா என்ற ரத்த நோய். குதிரை ஈ போன்ற கடிக்கும் ஈக்கள் பரப்புவது. அதற்குக் காரணமான கிருமியைத் தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவான்ஸ் கண்டுபிடித்தது 1880-ல். அப்போதுகூட நோய்க்குக் காரணம் அதுதான் என்று மேலிடம் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பாண்டியன் லாயத்துக்காரனுக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரியும்?

போலோவுக்கு விவரம் சொன்னவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். துறைமுகத்துக் குதிரை வியாபாரிகளாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் ஊகம். சரக்கு செத்தால் விற்றவன் என்ன சொல்வான்? "பார்த்துக்கத் தெரியலை" என்பான். சேல்ஸ்மேன் சொல்வதைக் கேட்டு எழுதினால் கம்ப்ளெயிண்ட் எப்போதும் கஸ்டமர் மேல்தான் இருக்கும். சோறு போட்டது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி பூராவும் குதிரையின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை.

அறிவே இல்லாத நாடும் அல்ல இது. அர்த்தசாஸ்திரம் குதிரைக்கு எவ்வளவு தீவனம், எப்படி லாயம் கட்டுவது என்று கணக்காகச் சொல்கிறது. சாலிஹோத்திரர் பெயரிலும் நகுலன் பெயரிலும் குதிரை வைத்திய நூல்கள் இருக்கின்றன. தஞ்சை சரஸ்வதி மகாலில் அசுவ சாஸ்திரச் சுவடியே உண்டு, அச்சிலும் வந்திருக்கிறது. ஆனால் ஓலைச்சுவடி அலமாரியில் இருக்கும், குதிரை லாயத்தில் இருக்கும். நடுவில் இருக்கிறவன் படிக்கத் தெரியாதவன்.

மாணிக்கவாசகர் கதையையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை நினைத்துப் பாருங்கள். குதிரை வாங்கக் கொடுத்த அரசாங்கப் பணம், வந்து சேர்ந்த அழகான குதிரைகள், விடிந்து பார்த்தால் லாயத்தில் நரிகள். வாதவூரர் வைகை மணலில் வெயிலில் நிறுத்தப்படுகிறார். அடியார்களுக்கு அது ஈசன் திருவிளையாடல். வருஷா வருஷம் பொன்னைக் கொட்டிக் குதிரை வாங்கி, லாயம் காலியாவதைப் பார்த்த ஒரு நாட்டுக்கு அந்தக் கதை எவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். தங்கம் போச்சு, குதிரை போச்சு, யாரையாவது வெயிலில் நிறுத்தியாக வேண்டும்.

ராஜ்ஜியங்கள் மாறினாலும் கடையும் கஸ்டமரும் மாறவில்லை. விஜயநகரத்து ராயர் வருஷத்துக்குப் பதின்மூவாயிரம் குதிரை வாங்கினார், அதில் ஹோர்முஸ் குதிரையும் உண்டு, நாட்டுக் குதிரையும் உண்டு என்று எழுதுகிறார் நூனிஸ் என்ற போர்ச்சுகீசியக் குதிரை வியாபாரி. ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் பாய்கிற குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் காலத்துப் பிரமிப்பு அது. வெள்ளைக்காரன் வந்ததும் அரேபியாவுக்குப் பதில் ஆஸ்திரேலியா. நியூ சவுத் வேல்ஸில் இருந்து வந்ததால் வேலர் என்று பெயர் பெற்ற குதிரைகள் 1830-களில் இருந்து மெட்ராஸுக்கும் கல்கத்தாவுக்கும் கப்பல் கப்பலாக வந்தன.

பழியும் மாறவில்லை. அந்தக் காலத்து துரைமார்களும் துரைசானிகளும் எழுதிய குறிப்புகளில் ஒரு புகார் திரும்பத் திரும்ப வரும்: சயிஸ் கொள்ளைத் திருடுகிறான். குதிரை இளைத்தால் சயிஸ் திருடன். குதிரை நொண்டினால் சயிஸ் சோம்பேறி. திருடியவர்களும் இருந்திருப்பார்கள், சம்பளம் அப்படி. ஆனால் ஈ கடித்து வந்த சர்ராவுக்கும் எத்தனை சயிஸ்கள் உதை வாங்கியிருப்பார்கள்?

இங்கே தீன்மூர்த்தி சிலைகளைப் பார்க்காத டெல்லித் தமிழர் இருக்கமுடியாது. ஜோத்பூர், மைசூர், ஹைதராபாத் குதிரைப்படைகளின் நினைவாக 1922-ல் வைத்தது. 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபா நகரத்தைக் குதிரை மேல் பாய்ந்து பிடித்தது இந்தப் படைப்பிரிவு. அதனால்தான் 2018-ல் தீன்மூர்த்தி ஹைஃபா சௌக் என்று பெயர் மாற்றினார்கள். அடுத்த முறை போகும்போது கவனியுங்கள்: மூன்று வீரர்கள் தரையில் நிற்கிறார்கள். குதிரைப்படை நினைவுச் சின்னத்தில் குதிரை இல்லை. குதிரையே இல்லை என்னும்போது குதிரைக்காரனை எங்கே தேடுவது?

சரி. முதலில் சொன்ன உண்மைக்கு வருகிறேன்.

1996-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதிய டூட்டி என்னுடையது. எங்கள் லாயத்தில் ஒரு பெரியவர் வேலை பார்த்தார், எல்லோரும் தாத்தா என்போம். குதிரைக்கு எந்தப் பக்கம் நிற்பது, எப்படி மூச்சு விடுவது என்பது வரைக்கும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அன்று அவருக்கு வீட்டில் ஏதோ விசேஷம். "தம்பி, தீவன ரூம் தாழ்ப்பாளை மட்டும் பாத்துக்கப்பா" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு மேட்னி ஷோவுக்கு நேரமாகிவிட்டது. குதிரைகளுக்கு வைத்தேன், கதவைச் சாத்தினேன், தாழ் போடவில்லை. மேனகா என்ற பெண்குதிரையின் கயிற்றையும் சரியாகக் கட்டவில்லை போலிருக்கிறது.

ஆறு மணிக்குத் திரும்பி வந்தேன். ஊற வைத்த கொள்ளு அண்டா காலி. மேனகா உடம்பெல்லாம் வியர்த்து, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, காலால் தரையைக் கிளறிக்கொண்டு நின்றாள். டாக்டர் வந்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள், எண்ணெய் கொடுத்தார்கள். செய்தி கேட்டு ஓடிவந்த தாத்தா விடிய விடிய அவளை நடத்திக்கொண்டே இருந்தார். மறுநாள் நாலு குளம்பும் கொதித்தது. மூன்றாம் நாள் விடிகாலையில் போய்விட்டாள்.

விசாரணை நடந்தது. கதவைத் திறந்து வைத்தது யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளும் என்று குதிரையைக் கேலி செய்வோமே, அதைவிடக் கேவலமாக நான் மூடிக்கொண்டேன். பழி தாத்தா மேல் விழுந்தது. சம்பளத்தில் பிடித்தார்கள். சாவியை என்னிடம் கொடுத்தது அவருக்குத் தெரியும். என்னை ஒரு தடவை பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. நான் அன்றோடு லாயத்துக்குப் போவதை நிறுத்தினேன். அடுத்த வருஷம் பரீட்சையில் குதிரைச் சூலை பற்றி ஒரு கேள்வி. ஐந்து பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கினேன்.

வியாபாரியின் பேச்சைக் கேட்டு எழுதிய போலோவைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒரு குதிரையின் சாவுக்கு, அதைப் பார்த்துக்கொண்டவனையே காரணமாக எழுதவிட்டு ஒதுங்கி நின்றவன் நானும்தான். தாத்தா இறந்து பல வருஷம் ஆகிவிட்டது என்று போன வருஷம் ஒரு நண்பன் சொன்னான். மன்னிப்புக் கேட்க இனி ஆள் இல்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்: கதவைத் திறந்து வைத்தது நான்.

தொடை வலி தீர்ந்தபிறகு ரிசால்தார் சாப்பிடம் போய், சவாரியோடு லாயத்து வேலையும் செய்யட்டுமா என்று கேட்டேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஞாயிறு காலை அஞ்சு மணிக்கு வந்துடுங்க" என்றார். இப்போது வாரத்தில் ஒரு நாள் சமஸ்திபூர்க்காரருக்கு நான் உதவியாள். குளம்பு சுரண்டுவேன், தேய்ப்பேன், சாணம் அள்ளுவேன். அப்புறம்தான் ஏறுவேன். ட்ராட் இப்போது அரை மணி நேரம் தாங்குகிறது. கேன்டருக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

கிளம்பும்போது தீவன அறைத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பேன். கார் வரை போய்விட்டு மறுபடி வந்து பார்ப்பேன். போன வாரம் சயிஸ் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார்: "பாபுஜி, இதோட மூணாவது தடவை."

பி.கு: பிள்ளைகளைக் குதிரை கற்கச் சேர்க்க நினைக்கிற நண்பர்களுக்கு. மைதானத்தைப் பார்க்கும் முன் லாயத்தைப் பாருங்கள். தொட்டியில் சுத்தமான தண்ணீர், முன்னால் புல், காயம் இல்லாத முதுகு, இந்த மூன்றும் இருக்கவேண்டும். ஹெல்மெட் இல்லாமல் ஏற்றிவிடும் இடம் என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். சயிஸ் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.